கத்திரி வெயிலில் மதுரையிலிருந்து ஊட்டிக்குக் காரில் பயணம்: பிள்ளைகள் வாடாமல் போய்ச்சேர என்ன செய்யலாம்?

கேள்வி: திருநகர் தாய்

அனைவருக்கும் வணக்கம். மே மாதம் இரண்டாம் வாரத்தில், கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில், மதுரை திருநகரிலிருந்து உதகைக்கு எங்கள் காரிலேயே சென்றுவர முடிவு செய்திருக்கிறோம். மகளின் பள்ளி விடுமுறையும் கணவரின் விடுப்பும் அந்த ஒரு வாரத்தில்தான் ஒத்துவருகின்றன. ஆகவே வேறு மாதத்திற்குத் தள்ளிப்போட வழியில்லை. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம் வருகிறது. கணவர் ஓட்டுவார், மாமனார் அவருக்குப் பக்கத்தில் அமர்வார், பின்னிருக்கையில் நானும் ஏழு வயது மகளும் பத்து மாத மகனும் இருப்போம்.

மகளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்வதில்லை. கொடைக்கானலுக்குப் போனபோது வத்தலக்குண்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே வாந்தி எடுக்கத் தொடங்கி, மேலே சேர்வதற்குள் துவண்டுவிட்டாள். அன்று முதல் மலை என்றாலே முகம் வாடிவிடுகிறது. மகனோ இதுவரை ஒரு மணி நேரத்திற்கு மேல் காரில் இருந்ததில்லை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வேறு. அவனுக்கென்று குழந்தை இருக்கை வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால், அவ்வளவு நேரம் பிள்ளையைக் கட்டிப் போடுவதா, மடியில் இருந்தால் சுகமாகத் தூங்குவானே என்று மாமனார் மனம் வருந்துகிறார். அவருடைய பாசத்தைப் புறக்கணிக்கவும் எனக்கு மனமில்லை.

எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கெங்கே நிறுத்துவது, என்ன உண்ணக் கொடுப்பது, ஏசியை எப்படி வைப்பது, மகளின் வாந்திக்கு மருந்து கொடுக்கலாமா, கைப்பேசியில் கார்ட்டூன் பார்க்க விடலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். எவ்வளவு சீக்கிரம் போய்ச்சேருகிறோம் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. பிள்ளைகள் இருவரும் முகம் மலர்ந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அண்ணாநகர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், மாமனார் எழுப்பிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமானது. ஓடுகிற கார் திடீரென்று நிற்கும்போது, மடியில் இருக்கும் குழந்தையின் உடல் அதன் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும்; எத்தனை வலுவான கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பத்து மாதக் குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி, பின்னிருக்கையில்தான் இருக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை ஒருபோதும் பொருத்தக் கூடாது. பயணத்திற்கு முந்தைய இரண்டு வாரங்களில் மாலை வேளைகளில் அவனை அந்த இருக்கையில் அமர்த்தி ஊருக்குள் சிறிது தூரம் அழைத்துச் சென்று பழக்குங்கள். தாத்தாவும் உடன் வரட்டும். பேரன் அதில் தூங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவருடைய வருத்தம் தானே தீர்ந்துவிடும். இருக்கையில் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் வைக்காமல், வண்டியை நிறுத்தி வெளியே எடுத்து, முதுகில் காற்றுப் படும்படி சற்று நேரம் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டுவதைவிட, மெல்லிய பருத்தி உடை ஒன்றை மட்டும் அணிவித்து, வியர்த்ததும் ஈரத்துணியால் துடைத்து உடை மாற்றுவதே சிறந்தது. வெயில் படுகிறதே என்று இருக்கையின் மேல் துணியைப் போட்டு முழுவதும் மூடிவிடாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் தேங்கிவிடும். அவனுக்குத் தாய்ப்பால்தான் முதல் நீர். கேட்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், இடையிடையே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கென்று அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. பழனியிலோ உடுமலையிலோ நிறுத்தும்போது அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே வரும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குடிக்கும் நீர்தான் குழந்தைக்குப் பாலாகிறது. தயவுசெய்து நீங்களும் குடியுங்கள்.

ஓஆர்எஸ் பொட்டலங்கள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள். உறையில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் பழச்சாறு போல விற்கும் இனிப்புப் பானத்தை இதற்கு ஈடாக எண்ணிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரிக்கப்படாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறது என்றால் பயணத்தைத் தொடராமல் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடல் அனலாய்க் கொதித்து நினைவு தடுமாறினால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள்.

மகளுக்கு வருவது நோயன்று. வளைந்து வளைந்து செல்லும்போது உட்காது அசைவை உணர்கிறது; கண்களோ அசையாத இருக்கையையும் கையிலுள்ள புத்தகத்தையும் பார்க்கின்றன. இரண்டும் சொல்லும் செய்தி முரண்படுவதால் மூளை தடுமாறி, குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது அரிது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை மிகுதி. வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். இதை அவளுக்குப் புரியும்படி முன்னதாகவே சொல்லுங்கள், ஏனென்றால் தன்மேல் ஏதோ குறை இருப்பதாக எண்ணும் பிள்ளைக்கு அந்த அச்சமே பாதி வாந்தியை வரவழைத்துவிடும். கண்கள் தொலைவில் பதிந்திருக்க வேண்டும் என்பதால், மலையேறும்போது கைப்பேசி, படப்புத்தகம் இரண்டுமே வேண்டாம். மருந்து கொடுப்பதாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு, மலையேறத் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பாகக் கொடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை. வீட்டில் மகளுக்கென்று இஞ்சிச்சாறும் தேனும் கலந்து வைத்திருந்தால், அதைத் தம்பிக்கும் ஒரு சொட்டு நாக்கில் தடவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

பதில்: ஒத்தக்கடை வாடகைக் கார் ஓட்டுநர்

வணக்கம் சகோதரி. அம்மா அவர்கள் மருத்துவப் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வண்டியைப் பற்றியும் பாதையைப் பற்றியும் சொல்கிறேன். குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன் என்ற முறையில் என் முடிவான கருத்து, பிள்ளைகளின் சுகம் புறப்படும் நேரத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான். அதிகாலை நான்கரைக்குள் திருநகரை விட்டுவிட்டால், சூரியன் எழும்போது திண்டுக்கல்லில் இருப்பீர்கள். ஏழு மணியளவில் பழனியில் காலை உணவு. அதன்பின் உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ ஒருமுறை நிறுத்தினாலும் பதினொன்று, பதினொன்றரைக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடும். உச்சி வெயில் கொளுத்தும் நேரத்தில் நீங்கள் குன்னூர் மலையில் இருப்பீர்கள். ஆனால், உங்கள் கணவர் முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும். அலுவலகம் முடிந்து வந்து நள்ளிரவு வரை மூட்டை கட்டிவிட்டு நான்கு மணிக்குச் சக்கரத்தைப் பிடிப்பது எந்த வெயிலையும்விட ஆபத்தானது. அப்படி ஆகிவிட்டால் ஒரு நாள் தள்ளிப் புறப்படுங்கள்.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வரை சாலை பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போவதால், காலைச் சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும். பெரியவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் மகன் பின்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பதால் அவனுடைய முகத்தில்தான் நேராக அடிக்கும். இருக்கையிலேயே உள்ள மடக்குக் குடையை அந்த நேரத்தில் இறக்கிவிடுங்கள். பொள்ளாச்சியைத் தாண்டினால் சாலை வடக்கே திரும்பி, வெயில் வலப்பக்கம் வந்துவிடும். ஆகவே அவனுடைய இருக்கை இடப்பக்கம் இருப்பது நல்லது. சாலையோரமாக நிறுத்தி இறக்கவும் இடப்பக்கமே பாதுகாப்பு. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012இல் தடை விதித்தது; அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஏசி, கூலண்ட், டயர், பிரேக் நான்கையும் பணிமனையில் காட்டிவிடுங்கள். கைக்குழந்தையோடு நடுச்சாலையில் நின்றுபோகும் நிலையைவிடக் கொடியது வேறில்லை. தேசிய நெடுஞ்சாலையில் அப்படி ஏதாவது நேர்ந்தால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். நிறுத்திய வண்டியில் ஏறும் முன் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து வெப்பக் காற்றை வெளியேற்றி, பெல்ட்டின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அமர்த்துங்கள். அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஏசியை 25 டிகிரி அளவில் வைத்து, காற்று முகத்தில் அடிக்காமல் மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். அவ்வப்போது வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றிவிடவும் வேண்டும். ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கூடப் பிள்ளைகளை மூடிய வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி கூடிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் அது பெரிதாகக் குறைவதில்லை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், உதகை 2,240 மீட்டர். இடையிலுள்ள ஐம்பது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறுகிறோம். கல்லாறு தாண்டிக் குன்னூருக்குள் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இங்கே உங்கள் மகளுக்கு வாந்தி வருவதும் வராததும் பெருமளவு உங்கள் கணவர் கையில்தான் இருக்கிறது. முன்னால் போகும் பேருந்தை முந்துவதற்காக வேகமெடுத்து, பிறகு சட்டென்று பிரேக் பிடித்து, மறுபடி வேகமெடுக்கும் ஓட்டம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஒரே சீராகத் திரும்பி ஏறினால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். மகளை நடுவில் அமர்த்தினால் முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். ஆனால், நடு இருக்கையில் தோளுக்கும் சேர்த்து வரும் பெல்ட் இருந்தால் மட்டுமே அப்படிச் செய்யுங்கள். இடுப்புக்கு மட்டும் வரும் பெல்ட் என்றால் அவள் ஓரத்திலேயே இருந்து, முன்னிருக்கைகளின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டு வரட்டும். பர்லியாறு வந்ததும் ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். காரில் வாசனைத் திரவியம் எதுவும் இருக்கக் கூடாது.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். இ-பாஸை வீட்டிலேயே எடுத்து, ஒரு தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும் இடம் மலையடிவாரத்து வெக்கையில் இருப்பதால், அங்கே கைப்பேசியில் தேடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைகளுக்குத்தான் தண்டனை. கூடுமானவரை செவ்வாய், புதன் போன்ற நாள்களில் ஏறுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

பதில்: பழங்காநத்தம் அம்மா

உணவைப் பற்றியும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியும் நான் சேர்த்துச் சொல்கிறேன். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது என்பதே மலைக்குப் போகும் பிள்ளைக்கு உகந்த முறை. காலையில் இரண்டு இட்லி, எண்ணெய் அதிகம் இல்லாமல். பழனியைத் தாண்டிய பிறகு ஒரு மலைவாழைப்பழமோ ஒரு கைப்பிடிப் பொரியோ. மேட்டுப்பாளையத்திற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மெல்லுவதற்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் இரண்டிரண்டு மடக்கு. பூரியும் பாலும் குளிர்ந்த பானங்களும் மலையிலிருந்து இறங்கிய பிறகு இருக்கட்டும். தயிர்ச்சோறு இந்த வெயிலில் விரைவில் புளித்துவிடும். பெரியவர்களுக்குப் புளியோதரை கட்டுங்கள். மகனுக்கு இட்லியைக் காய்ச்சிய தண்ணீரில் மசித்துக் கொடுக்கலாம். வேர்க்கடலை, திராட்சை போன்றவை அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வழியில் நுங்கும் இளநீரும் கிடைக்கும். கண்முன்னே வெட்டித் தருவதை மட்டும் வாங்குங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வதும் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்குவதும் சில பிள்ளைகளுக்கு நன்றாகவே கைகொடுக்கின்றன. உங்கள் மகளுக்கு உதவுமா என்று மதுரைக்குள்ளேயே பார்த்துவிடுங்கள்.

கார்ட்டூனுக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். மாமனார் உடன் வருகிறாரே, அதைவிட வேறு என்ன வேண்டும்! கொடைரோட்டை ஒட்டி வலப்பக்கம் நிற்கும் சிறுமலை, திண்டுக்கல் பாறையின் மேலிருக்கும் கோட்டை, ஒட்டன்சத்திரத்திலிருந்து இடப்பக்கம் நெடுகத் தொடரும் பழனி மலைத்தொடர், முருகன் கோயில் கோபுரம், உடுமலையைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகள் என்று தொலைவில் பார்க்க வேண்டியவை இந்தப் பாதை முழுவதும் உள்ளன. முதலில் யார் கண்டுபிடிக்கிறார்கள், எத்தனை காற்றாலைகள் எண்ணுகிறார்கள் என்று தாத்தாவும் பேத்தியும் போட்டி போடட்டும். செவிலியர் அம்மா சொன்னபடி கண்ணும் தொலைவிலேயே பதிந்திருக்கும். வயிறு புரட்டுகிறதா, புரட்டுகிறதா என்று மட்டும் அடிக்கடி கேட்காதீர்கள். கேட்டால் அந்த நினைப்பே வந்துவிடும். குமட்டல் வந்தால் கையை உயர்த்தினால் போதும், அப்பா உடனே ஓரங்கட்டுவார் என்று அவளுக்கு உறுதி கொடுங்கள், அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். அவளுடைய மடியருகே உறைகளும் ஈரத்துண்டும் மாற்றுடையும் ஒரே பையில் இருக்கட்டும். வாந்தி எடுத்துவிட்டாலும் யாரும் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.

குன்னூரில் நிறுத்தியதும் வியர்வையில் நனைந்த உடைகளை இருவருக்கும் மாற்றி, அதன்பிறகே ஸ்வெட்டரை அணிவியுங்கள். உதகையில் மே மாதத்திலும் இரவு 15 டிகிரிக்குக் கீழே போகும்; மதுரை வெயிலில் வெந்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு அது பெரிய மாற்றம்.

திருநகர் தாய்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாமனாரிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். குழந்தை இருக்கையைத் தாமே பொருத்திப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. அதிகாலையில் இறங்கினால் சமவெளியின் நண்பகல் வெயில் முழுவதையும் தாங்க வேண்டும். பிற்பகலில் இறங்கினால் வீடு சேர இரவாகிவிடும். பொள்ளாச்சியில் என் சின்னம்மா வீடு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒத்தக்கடை வாடகைக் கார் ஓட்டுநர்

நான் தனியாக ஓட்டுவதாக இருந்தால் பிற்பகலில் இறங்கி இரவு பத்து மணிக்குள் மதுரை சேர்ந்துவிடுவேன். ஆனால், பிற்பகலில் நீலகிரியில் கோடை மழையும் பனிமூட்டமும் வரக்கூடும். பழக்கமில்லாத பாதையில் பிள்ளைகளோடு அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னம்மா வீடு இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். காலை ஆறு மணிக்கு உதகையை விட்டுக் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். சீசன் நாள்களில் ஏறுவதற்குக் குன்னூர்ப் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரிப் பாதை என்று காவல்துறையினர் ஒருவழியாக்குவதும் வழக்கம்தான். இறங்கும்போதும் கியரைக் குறைத்தே ஓட்ட வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பிரேக்கும் சூடேறும், மகளுக்கும் குமட்டும். பதினோரு மணியளவில் பொள்ளாச்சி சேர்ந்து, குளித்து, உண்டு, பிள்ளைகளைத் தரையில் பாய் விரித்துத் தூங்க வைத்துவிடுங்கள். நான்கு மணிக்குப் புறப்பட்டால் எட்டு, எட்டரைக்குள் திருநகர் வந்துவிடலாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், அண்ணாநகர்

தம்பி சொல்வதே சரியான ஏற்பாடு. இறங்கும் அன்று காலையில் மகளுக்கு ஒரு ரொட்டித்துண்டு போதும். காலை உணவை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் காது அடைத்துக்கொண்டு மகன் அழக்கூடும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்தால், விழுங்கும்போது அடைப்பு விலகிவிடும். பொள்ளாச்சியிலிருந்து மாலையில் கிழக்கு நோக்கி வரும்போதும் சூரியன் பின்னால்தான் இருக்கும் என்பதால், அவனுடைய இருக்கையின் குடையை அப்போதும் மறவாமல் இறக்கிவிடுங்கள்.